முன்கிரில் பட்டை

குத்தாலம் கடைத்தெருவில் அந்தக் கார் நுழைந்தால் ஆட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். சீமையிலிருந்து கப்பலில் வந்த ரேஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, தரையை உரசிக்கொண்டு போகும். மாட்டு வண்டியே யோசித்துப் போகிற ஆற்றங்கரைச் சாலைகளில் இதை வைத்துக்கொண்டு பண்ணையார் மகன் சின்னப் பண்ணை என்னதான் செய்வார் என்று யாரும் கேட்டதில்லை. பண்ணையைக் கேள்வி கேட்கிற பழக்கமெல்லாம் இப்போதுதான் இரண்டொருவருக்கு வந்திருந்தது. அன்று காலை அந்தக் கார் முகப்பில் கோணியைக் கட்டிக்கொண்டு ஜெக்கரியா பாய் பட்டறைக்குள் நுழைந்தது.

ஓட்டி வந்தவர் பண்ணையின் ஏஜெண்டு கலியபெருமாள். ஆட்சி மாறிய கையோடு துண்டின் கரையைக் கறுப்பு சிவப்பாக மாற்றிக்கொண்டவர். கரைதான் மாறியது, அதை உதறித் தோளில் போடுகிற தோரணை அப்படியே இருந்தது.

"பாய் எங்க?"

"மாயவரம் போயிருக்காங்க ஏஜெண்டய்யா," என்றான் உத்திராபதி. பட்டறையில் நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை அவனுடையது.

"நீ போதும். முன்னாடி பட்டை ஒண்ணு அடிபட்டிருக்கு. புதுசு மெட்ராஸ்லேர்ந்து பார்சல்ல வந்துடுச்சு. மாத்திடு. கழட்டுன பழசை என் கையில குடுத்துடணும்."

கழற்றிய சாமான் பட்டறைக்குத்தான் சேரும் என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். மூலையில் கிடக்கும் பீப்பாயில் போட்டு, நிறைந்ததும் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடுவார்கள். பழசைக் கேட்டு வாங்கிப் போகிற பெரிய மனிதரை உத்திராபதி அதுவரை பார்த்ததில்லை. இருக்கட்டும் என்று கோணியை அவிழ்த்தான்.

கிரில்லைச் சுற்றி ஓடும் வெள்ளிப் பளபளப்பான பட்டையில் இடப்பக்கத் துண்டு நெளிந்திருந்தது. அதன் கீழ்முனை ஒரு சாண் நீளத்துக்கு இல்லை. முறிந்த ஓரம் நேராக இல்லாமல் நாய் கடித்த தோசை மாதிரி இருந்தது.

"எதுலங்க மோதுச்சு?"

"மாடு," என்றார் கலியபெருமாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

உத்திராபதியின் கை அந்த முறிவின் மேலேயே நின்றுவிட்டது. இல்லாத அந்த ஒரு சாண் துண்டை அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு இல்லை, கையில் வாங்கி மண்ணுக்குள் வைத்தவனே அவன்தான்.

அவனுடைய அக்காள் காத்தாயியின் புருஷன் பக்கிரி இதே பண்ணையில் குத்தகைக்கு உழுதவர். உழுகிறவன் பெயரைச் சர்க்கார் கணக்கில் ஏற்றலாம் என்று புதிதாகச் சட்டம் வந்ததும், விவசாயச் சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள் என்று தாலுகா ஆபீசுக்குப் போய், 'இந்த நிலத்தை நான்தான் உழுகிறேன்' என்று தாசில்தார் முன்னால் சொல்லிவிட்டு சைக்கிளில் திரும்பினார். வீடு வந்து சேரவில்லை. மதகடியில் வாய்க்காலுக்குள் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்கள். சாராய வாடை பட்டால் வாந்தி எடுக்கிற மனுஷன் அவர். காத்தாயி புருஷனுக்காக அழுததைவிட அந்தச் சொல்லுக்காக அழுததுதான் அதிகம். "செத்தது போவட்டும்டா தம்பி. குடிச்சான்னு எழுதிருக்கானுவளே, அத அழிக்கணும்," என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அகாலமாகச் செத்தவன் மேலே கிடந்த சாமான் எதுவும் வீட்டில் தங்கக் கூடாது, தங்கினால் அவன் அதைத் தேடிக்கொண்டு வருவான் என்பது அவர்கள் வழக்கம். வெற்றிலைப் பை, இடுப்புக் கத்தி, செருப்பு எல்லாவற்றையும் குழியில் தலைமாட்டில் வைத்தார்கள். அவருடைய வேட்டி மடிப்பில் சிக்கியிருந்த ஒரு பளபளத் துண்டையும் காத்தாயி எடுத்துக் கொடுத்தாள். சைக்கிள் மட்கார்டு போலிருக்கிறது என்று உத்திராபதியும் வாங்கி வைத்தான். தகரத்தோடு பிழைக்கிறவன், ஆனால் அழுகிற கண்ணுக்குத் தகரம் என்ன, தங்கம் என்ன.

பக்கிரியின் மச்சினன் கையிலேயே காரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் ஏஜெண்டு. உழுகிறவனுக்கு மச்சினன் ஒருவன் இருப்பான், அவன் ஏதாவது பட்டறையில் நிற்பான் என்பதெல்லாம் பண்ணையின் நினைப்புக்கு வருகிற சங்கதி இல்லை.

சங்கத்து வீரையன் சாவு வீட்டில் சொன்னது காதில் ஓடியது. "சும்மா சந்தேகம்னு போய் நின்னா விரட்டிடுவான். கையில ஒரு ஆதாரத்தோட வா, பேசுவோம்." கையில் ஆதாரம். இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாட்டேன் என்றால் கும்பகோணத்தில் வேறொருவன் மாற்றித் தருவான், பழைய பட்டை ஆற்றில் போய்விடும். கழற்றினால் அது தன் கைக்கு வரும். இப்படித்தான் உத்திராபதி கணக்குப் போட்டான். நல்ல கணக்கு என்றுதான் அப்போது தோன்றியது.

"ஆணியெல்லாம் துருப்புடிச்சிருக்குங்க. மண்ணெண்ண ஊத்தி ஊற வைக்கணும். சாப்புட்டு வாங்களேன்," என்றான். கலியபெருமாள் துண்டை உதறிக்கொண்டு ஓட்டல் பக்கம் நடந்தார்.

துரு ஒன்றும் இல்லை. பானெட்டைத் தூக்கி, உள்பக்கமிருந்து திருகாணிகளைக் கழற்றி, பட்டையை நோகாமல் எடுத்துப் பழந்துணியில் சுற்றிப் பலகைக்கு அடியில் ஒளித்தான். பிறகு பீப்பாயைக் கிளறி, ஒரு பஸ்ஸிலிருந்து கழற்றிய பட்டை ஒன்றைத் தேடி எடுத்தான். அதே வளைவுக்குத் தட்டினான், அதே இடத்தில் நெளித்தான், அதே மாதிரி முறித்து ஓரத்தைப் பிய்த்தான். சாம்பலும் எண்ணெயும் தடவிப் பழசாக்கினான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவனுக்கே கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. ஆத்திரத்தில் செய்த வேலை அத்தனை சுத்தமாக வந்திருந்தது.

அப்புறம் புதுப் பட்டையைப் பொருத்தினான். அதையாவது ஏனோதானோ என்று செய்திருக்கலாம். கை கேட்கவில்லை. பட்டைக்கும் பாடிக்கும் நடுவில் நகம்கூட நுழையாதபடி உட்கார வைத்தான். ஏஜெண்டு வந்து தடவிப் பார்த்தார், கோணியில் சுற்றிக் கொடுத்த போலித் துண்டைப் பிரித்துப் பார்த்தார், திருப்தியாகப் போனார்.

அன்றைக்கே அவன் அக்காள் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். காத்தாயி எழுந்து கூரையில் செருகியிருந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"நீ வேணாக்கா. நான் தோண்டுறேன்."

"எம் புருசன் குழி. நாந்தான் தோண்டணும்."

ஊர் முழுக்க நடவுக்குப் போயிருந்தது. ஆற்றங்கரை இடுகாட்டில் ஒரு குஞ்சு இல்லை. தலைமாட்டுப் பக்கம் மட்டும் மண்ணைத் தள்ளினாள். முகம் தெரிகிற அளவுக்குப் போகாமல் கையை விட்டுத் துழாவினாள். நாற்றத்துக்கு உத்திராபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திருப்பவில்லை. "மன்னிச்சுக்கய்யா, உனக்காவத்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தத் துண்டை வெளியே எடுத்தாள். பட்டையோடு சேர்த்துப் பார்த்தார்கள். பல்லும் பல்லும் கடித்த மாதிரி சேர்ந்தது. காத்தாயி அப்போதுதான் உடைந்து அழுதாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஏறக்குறைய அதுதான்.

மறுநாள் வீரையனையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். இரண்டு துண்டையும் மேஜையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. யாருக்கோ போன் பேசி, "பட்டறையில வாங்கிட்டுப் போன பழசையும் எடுத்துட்டு வாங்க," என்றார். கொஞ்ச நேரத்தில் வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. சின்னப் பண்ணை இறங்கவில்லை. கலியபெருமாள் கோணியோடு உள்ளே வந்தார்.

இன்ஸ்பெக்டர் கோணியைப் பிரித்து மூன்றாவது துண்டையும் மேஜையில் வைத்தார். ஒன்றுக்கொன்று பக்கத்தில் பார்த்தார்.

"இது யாரு செஞ்சது?"

உத்திராபதி தலையைக் குனிந்தான். "நாந்தாங்க."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அவரு சாப்புட்டு வர நேரம்."

"இதையே அவ்வளவு நேரத்துல செஞ்சவனுக்கு, இந்த ரெண்டையும் செய்ய எவ்வளவு நேரமாவும்?"

வீரையன் எழுந்தார். "சார், அது செத்தவன் உடம்புல இருந்த துண்டு."

"யாரு பார்த்தா? தாசில்தார் இருந்தாரா? டாக்டர் இருந்தாரா? இவங்களே பொணக்குழியத் தோண்டுனாங்க, இவங்களே எடுத்தாங்க. அதுக்கே தனியா கேஸ் போடலாம்." உத்திராபதியைப் பார்த்து அவர் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தத் தணிவுதான் அவனை அதிகம் சுட்டது. "வண்டியில முறிஞ்ச பட்டை இருக்கையிலயே நீ இங்க ஓடி வந்திருந்தா, நான் எழுதித்தான் ஆவணும். எனக்கும் வேற வழி இருந்திருக்காது. இப்ப வண்டியப் போய்ப் பாரு."

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெயிலில் கிரில் முழுசாக மின்னியது. சின்னப் பண்ணை கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டிருந்தார்.

"மாட்டுல மோதுன சாமானக் களவாடிட்டு, கதையும் கட்டுறானுவ," என்றார் ஏஜெண்டு. மூன்று துண்டையும் இன்ஸ்பெக்டர் கோணியில் சுருட்டி அவரிடமே கொடுத்தார்.

காத்தாயிக்கு என்ன நடந்தது என்று புரிய நேரமாயிற்று. வெளியே வந்ததும் காரின் முன்னால் நின்றாள். சின்னப் பண்ணை ஹாரன் அடித்தார். அவள் குனிந்து, புதுப் பட்டையின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனாள், எங்காவது ஒரு விரிசல் தட்டுப்படுமா என்று தேடுகிறவள் போல.

"இதை நீயாடா மாட்டுன?" என்றாள்.

"ஆமாக்கா."

"நல்லா மாட்டிருக்கே," என்று சொல்லிவிட்டு அவள் வழியைவிட்டு ஒதுங்கி நின்றாள். கார் போயிற்று.