பார்க்கும்வரை இருவர்

நவரத்தினமும் ஹியூபேட்டும் கொழும்பு வெள்ளவத்தையில் புடவைக்கடைக் கூட்டாளிகள். 2007இல் ஒருநாள் இருவரையும் ஒரே வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனது. பிறகு பொலிசிலிருந்து தகவல் வந்தது: ஒருவர் தடுப்பு முகாமில் உயிரோடு, மற்றவரின் உடல் முகத்துவாரத்தில் கரையொதுங்கிப் பிரேத அறையில். எவர் எங்கே என்று சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லையா, மனமில்லையா, அதுவும் தெரியாது.

நவரத்தினத்தின் மனைவி பாலேஸ்வரி அழவில்லை. தேத்தண்ணி ஊற்றினாள், குடிக்க மறந்தாள். எதிரே அவள் தம்பி நாகேந்திரம், குவாண்டம் கணினி படிப்பிப்பவன், மறுநாள் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கும் வேறு வேலை ஓடவில்லை.

"என்னடா எழுதிறாய்?"

"பிணைஞ்ச ரெண்டு கியூபிட், அக்கா. அந்தக் கணினியின்ர ஆகச் சின்னத் தகவல் துண்டுகள். ஒண்டை அளந்து பூச்சியம் வந்தால், மற்றது ஒண்டுதான். எவ்வளவு தூரத்தில இருந்தாலும்."

"இதில என்ன புதினம்? ரெண்டு பெட்டியில ஒரு சிவப்புச் சீலை, ஒரு பச்சை. இங்க சிவப்பு எண்டால் கண்டிக்குப் போனது பச்சை. கடை கூட்டிறவளுக்கும் தெரியும்."

"சீலைக்குப் பெட்டியில கட்டேக்கையே நிறம் இருக்கு. இதுக்குத் திறக்குமட்டும் நிறமே இல்லை."

"நிறமில்லாத சீலையை ஆரடா வாங்குவான்?" வியாபாரி மகள், நாக்கு தானாகப் பேரம் பேசியது, முகம் அசையவில்லை. "திறந்தால்?"

"பிணைப்பு அறுந்திடும். ஆனால் மற்றப் பக்கத்துக்குச் செய்தி ஒண்டும் போகாது. ஆராவது போன் கோல் எடுத்துச் சொன்னால்தான் அங்க இருக்கிறவைக்குத் தெரியும்."

"அப்ப நாங்கள் போய்ப் பார்க்காட்டி?"

நாகேந்திரம் பேனையை மூடினான். "எங்கடது கட்டின பெட்டி அக்கா. நிறம் எப்பவோ உள்ளுக்கு இருக்கு."

ஹியூபேட்டின் மனைவி செலீன் கொட்டாஞ்சேனையிலிருந்து கோல் எடுத்தாள். "நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க அக்கா. எனக்குக் கால் வராது."

பாலேஸ்வரி போனாள். பிரேத அறைக்காரன் "பலன்ன நோனா," பாருங்கள் அம்மா, என்று சிங்களத்தில் சொல்லித் துணியை விலக்கினான். முகத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. வலது கையில் பச்சை குத்திய நங்கூரம் மட்டும் இருந்தது. ஹியூபேட் துறைமுகத்துப் பையனாக இருந்தபோது குத்திக்கொண்டது.

ஆறுதல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. முகம் விளங்கவில்லை என்று சொன்னால் செலீனுக்கு இன்னும் ஒரு நாள் கிடைக்கும். பாலேஸ்வரி அந்த ஒரு நாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தரம் போதாத சரக்கு. செலீனின் இலக்கத்தை அழுத்தினாள்.

"அக்கா?"

"கையில நங்கூரம் இருக்கு, செலீன்."

"அப்ப நவரத்தினம் அண்ணன் இருக்காரு," என்றாள் செலீன். "சந்தோஷம் அக்கா."

பாலேஸ்வரிக்கு 'ஓம், இருக்கிறார்' வாய்வரை வந்தது. சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.