பார்க்க மட்டும்

...தொடக்கூடாது, பேசக்கூடாது, கீழே விழுந்த காகிதத்தைக்கூட எடுத்துத் தரக்கூடாது, ஆரினின் வக்கீல் கிரெட்சன் காலையில் போனில் சொன்னதையே மார்லிஸ் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள், எத்தனை வருஷமாக இதே பாட்டு, எலும்பு வார்டில் நர்ஸாக இருந்தவரை இடுப்பு வலித்தது, இப்போது வக்கீல்களுக்காக இப்படி மூலை நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதில் என்ன வலிக்கிறது என்றே தெரியவில்லை... எதிரே பரிசோதனை மேஜை விளிம்பில் ஆரின், ஸ்போகேன் ஊர் முழுக்கப் பால் வண்டி ஓட்டியவர், முதுகு ஆபரேஷன் தப்பாகப் போய் இடது கால் செத்துவிட்டது, ஆஸ்பத்திரி மேல் வழக்கு, இன்று சோதிக்கிற டாக்டர் புரூயிட் ஆஸ்பத்திரி தரப்பு ஆள், ஆரினால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று அவர் எழுதிவிட்டால் ஆயுசுக்கும் ஆள் வைத்துக்கொள்ள நஷ்ட ஈடு கிடைக்காது, எல்லாம் பெண்டாட்டி லோர்னா தலையில், அவளுக்கே மூட்டு தேய்ந்து கிடக்கிறது... எழுதட்டுமே, அதை மறுக்கத்தானே நானும் எழுதுகிறேன், டாக்டர் எப்போது எதைத் தொட்டார், ஆரின் எங்கே முனகினார்...

"சாக்ஸைப் போடுங்க, பாக்கலாம்," என்றார் டாக்டர். "இந்தக் காலுக்கா? இது என் மச்சினன் மாதிரி டாக்டர், சாப்பாட்டுக்குக் கூடவே வரும், வேலைன்னா அசையாது," ஆரின் சிரித்துக்கொண்டே குனிந்தார், அய்யோ, இந்த மனுஷன் ரோஷத்தில் போட்டுத் தொலைத்துவிடுவாரோ, போடாதேய்யா, முடியலைன்னு சொல்லேன்... நர்ஸாக இருந்தவள் நினைக்கிற நினைப்பா இது? வார்டில் எத்தனை பேரிடம், இன்னும் கொஞ்சம், உங்களால முடியும் என்று கெஞ்சியிருக்கிறாள்... சாக்ஸ் நழுவியது, அதைப் பிடிக்கப்போன ஆரினும் நழுவினார், ஒரு கை பாய்ந்து அக்குளில் தாங்கியது, டாக்டரின் கை. "மெதுவா, மெதுவா, நான் பிடிச்சுக்கிட்டேன்." மார்லிஸின் பேனா அதற்குள் அவர் நழுவிய நேரத்தை எழுதி முடித்திருந்தது, பலே, கிரெட்சனுக்கு இது போதும், தாங்கிப் பிடித்ததே எதிர்த்தரப்பு டாக்டர், இனி எந்த வாயால் மறுப்பார், நானும் அசையாமல் என்னை அடக்கிக்கொண்டேன்... அடக்கினேனா? எழுத்தைப் பார்த்தாள், ஒரு கோணல்கூட இல்லை, கை எழும்பி அதை அடக்கியிருந்தால் கொஞ்சமாவது கோணியிருக்குமே, டாக்டருக்கு எழும்பிய கை எனக்கு எழும்பவே இல்லையே...

வெளியே காத்திருக்கும் அறையில் லோர்னா தரையில் மண்டியிட்டு ஆரினின் ஷூ நாடாவைக் கட்டினாள், கட்டிக்கொண்டே, "உள்ளேயும் வாய் அடிச்சீங்களா?" என்று அதட்டினாள், "நர்ஸம்மா இருந்தாங்களே, அதான் தெம்பு வந்துருச்சு," என்று ஆரின் மார்லிஸைப் பார்த்துச் சிரித்தார், அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள், காருக்குப் போய் உட்கார்ந்தால் போதும், ஹீட்டரைப் போட்டுக் கண்ணை மூடினால் போதும், அறிக்கையை நாளைக்கு எழுதலாம்... லோர்னா எழ முடியாமல் தரையிலிருந்தே கையை நீட்டினாள். "ஒரு கை கொடும்மா." யாரைக் கேட்கிறாள் என்று மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள்.