வாரேனுங்க

என் புருஷன் அமிர்தசாமிக்குப் பயம் என்பதே கிடையாது. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருந்தேன். பர்மா சண்டையில் சேப்பர் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுத்தவர். திரும்பி வந்து படித்து இன்ஜினீயராகி, மலேயாவில் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகிற வேலைக்குப் போனார். பாறைக்கு வெடி வைப்பதென்றால் அங்கே வெள்ளைக்காரர்களே இவரைக் கேட்டுத்தான் செய்வார்களாம். கப்பலேறும்போதெல்லாம், "பாறை நம்மள ஒண்ணும் பண்ணாது, மேரி" என்பார். அது பாறைக்குத் தெரியுமா என்று நான் கேட்பேன்.

அறுபத்தொன்றில் லீவில் வந்தவர் சேலத்து வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்தாரா? மல்லசமுத்திரத்துப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மேட்டுக்காட்டில் கிணறு வெட்டக் கிளம்பிவிட்டார். மண் கொஞ்சம்தான், கீழே எல்லாம் கரும்பாறை. அந்த ஊர்க்காரர்கள் திரியைக் கொளுத்திவிட்டு விழுந்தடித்து மேலே ஏறிவருவார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. மலேயா முறைப்படி கம்பி இழுத்து, தூரத்து மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைத்தார். அதன் கைப்பிடியைத் திருகினால் கிணற்றில் வெடிக்கும்.

வீட்டில் இருந்து பயப்படுவதைவிட நேரில் பார்த்தே பயந்துவிடலாம் என்று நானும் கூடப் போனேன்.

பாறையில் குழி அடித்தவன் கந்தன். அன்று காலையிலிருந்தே அவன் நிலைகொள்ளாமல் இருந்தான். "மாடு கன்னு போடறாப்ல இருக்குதுங்க சாமி, நான் ஊட்டுக்குப் போகோணும்" என்று நச்சரித்தான். குழியில் வெடிமருந்து கெட்டித்து முடிந்ததும் போகலாம் என்று இவர் சொல்லியிருந்தார். வேலை முடிந்தது. நானும் இவரும் மண்மேட்டுக்குப் பின்னால் வந்துவிட்டோம். அங்கிருந்து கிணற்றின் விளிம்புதான் தெரியும், அடி தெரியாது. இவர் கம்பியைப் பெட்டியில் மாட்டிவிட்டு நிமிர்ந்து குரல் கொடுத்தார்.

"கந்தா! கிளம்பிட்டியா?"

"வாரேனுங்க!"

சித்திரைக் காற்று சுழன்றடித்தது. குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, அது அபசகுனம். 'வாரேன்' என்றுதான் விடைபெறுவார்கள். "சரி, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு இவர் குனிந்து கைப்பிடியைப் பிடித்தார்.

நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கண்ணை மூடினேன். மூடியிருக்கவும் தைரியம் இல்லை, திறந்துவிட்டேன். கிணற்று விளிம்பில் கந்தனுடைய தோல் செருப்பு கிடந்தது. கால் வைத்தால் கொப்பளிக்கிற வெயில். வீட்டுக்குப் போகிறவன் செருப்பை விட்டுவிட்டா போவான்?

அப்படியே அவர் கைமேல் விழுந்து மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று உதறப் பார்த்தார். நான் செருப்பைக் காட்டினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. தோளில் கடப்பாரை.

"இதைக் கீழயே வுட்டுட்டு வந்துட்டனுங்க. எடுத்தாறத்தான் மறுக்கா எறங்குனேன்" என்றான் கந்தன். "அதான் வாரேன்னு சத்தம் போட்டனில்லீங்க?" செருப்பை மாட்டிக்கொண்டான். "அம்மிணிக்கு என்னங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா? சரி, அப்ப நான் வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்க ஓடியே போனான்.

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாள்முதல் நான் பார்க்காத கோலம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆளை எட்டிப் பாக்காம குரலை நம்பியா திருகுவீங்க? மலேயாவுலயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"அங்க சுரங்கத்துல எல்லாம் தமிழாளுங்கதான். பாதிப் பேர் நாமக்கல், ராசிபுரம் பக்கம். வேலை முடிஞ்சா வாரேன்னு சொல்லிட்டு வெளியே போயிடுவாங்க" என்றார்.

"நீங்கதான் இங்க இருக்கீங்களே. இப்ப அங்க யாரு திருகறது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

"ஒரு வெள்ளைக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, மேரி. உள்ளேருந்து 'வாரேன்'னு குரல் வந்தா ஆள் போயாச்சுன்னு அர்த்தம், தைரியமா திருகுன்னு நான்தான் சொல்லிக்கொடுத்துட்டு வந்தேன்."

தந்தி அடிக்கத் திருச்செங்கோட்டுக்குப் போகவேண்டும். பெட்டியையும் கம்பியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பஸ் வருகிற ரோட்டைப் பார்த்து இரண்டு பேரும் ஓடினோம்.