"நோ ஐஸ்" பாடிய பையன்

டினோ வீட்டு கராஜில் அட்டைப்பெட்டியைக் கிழித்து முதல் இசைத்தட்டை எடுத்துப் போட்டபோது, அதில் பாடியது யாரோ ஒரு பையன். கோஷ்டியின் பாடகி செலோ சிரித்துவிட்டாள். தட்டு அச்சடிக்கும் இடத்தில் பெட்டி மாறியிருக்கும், வேறு எந்தக் கோஷ்டியுடையதோ நம் தலையில் வந்து விடிந்திருக்கிறது என்று நினைத்தாள். பையன் இரண்டாவது வரிக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது அவள் எழுதிய வரி. மீன் தொழிற்சாலையில் மேஸ்திரி ஹாரிகன் பெண்களின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டு சொல்வதை அப்படியே எடுத்துப் பாட்டில் போட்டிருந்தாள்: "சிரிச்சுக்கிட்டே வெட்டு." அவள் வாயில் அது காறித் துப்புகிற மாதிரி வரும். இங்கே ஒரு தடிப்பயல் அதை நிதானமாக, கனத்த தொண்டையில், ஏதோ உத்தரவு போடுவதுபோலப் பாடிக்கொண்டிருந்தான். ஆனால் மூச்சு வாங்கிய இடமெல்லாம் அவளுடையது. நடுவில் வந்த இருமல்கூட அவளுடையதுதான்.

கிடார் வாசிக்கும் நிக்கோ பாவ்லிச், பிளேயரின் வேகத்தைத் திருகிப் பார்த்தான். வேறொரு தட்டைப் போட்டான். அது ஒழுங்காக ஓடியது. திரும்பவும் தங்கள் தட்டைப் போட்டான். திரும்பவும் அந்தப் பையன் பாடினான். அவன் பின்னால் டினோவின் டிரம்ஸ், வயிறு முட்டத் தின்றவன் மாடிப்படி ஏறுவதுபோல, தொம் தொம் என்று வந்துகொண்டிருந்தது.

அவர்கள் கோஷ்டிக்கு "தேர்ட் விசில்" என்று பெயர். துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவில் சூரை மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் இருந்தன. படகு வந்ததும் சங்கு ஊதும். மூன்றாவது சங்குக்குள் உள்ளே போகாதவளுக்கு அன்று வேலை கிடையாது. அவர்கள் ஊரான வில்மிங்டனில் பாதிப் பெண்கள் அந்தச் சங்கைக் கேட்டு ஓடுகிறவர்கள்தான். செலோவும் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு ஓடத் தொடங்கியவள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மீன் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்த எரிச்சலையெல்லாம் கட்டி வைத்திருந்து கராஜில் வந்து கொட்டுவாள். ஒரு பாட்டு ஒரு நிமிஷத்தைத் தாண்டாது. அவளுடைய அத்தை மகன் டினோ, காலில் தீப்பிடித்த மாதிரி அடிப்பான். அவளும் அதே வேகத்தில் கத்துவாள். அந்த வேகத்தைத் தவிர அவர்களிடம் வேறு சொத்து எதுவும் கிடையாது.

"நோ ஐஸ்" ஆல்பத்தின் பாட்டு எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில், ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். இரண்டாம் தடவை வாசிக்கவில்லை. வாசித்ததைத் திரும்பக் கேட்கவுமில்லை. தன் பாட்டைத் தானே கேட்டு ரசிப்பதெல்லாம் கண்ணாடி முன் நின்று முடி கோதும் நட்சத்திரங்களின் வேலை என்பது செலோ போட்ட சட்டம். சரிபார்ப்பதற்காகச் சாம்பிள் தட்டு வந்தபோது நிக்கோ அதை உறையிலிருந்துகூட எடுக்கவில்லை. பிரமாதம், அச்சடியுங்கள் என்று போனில் சொல்லிவிட்டுப் பெருமையாக வந்து அவளிடமும் சொன்னான். அவளும் முதுகில் தட்டிக்கொடுத்தாள். உறைமேல் ஆட்களின் பெயரோ முகமோ இருக்கக் கூடாது என்பதும் அவள் சட்டம்தான். மூணு முகத்தைக் காட்டி விற்க நாம் என்ன சோப்பா என்று கேட்டிருந்தாள். ஆக, அந்தத் தட்டிலிருந்து தன்னை வழித்துத் துடைத்து எறிவதில் பாதி வேலையை அவளே செய்து வைத்திருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நிக்கோவின் வேனில் ஹாலிவுட் போனாள். டேப்பிலிருந்து தட்டை வெட்டிக் கொடுக்கும் லண்ட்கிரென், வெள்ளைக் கோட்டுப் போட்ட, சுத்தமான கிழவர். கோபப்படுவதற்குக்கூட இடம் கொடுக்காமல் காபி வேண்டுமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. தான் செய்த உதவியைக் கடைசியில் ஒருத்தராவது கவனித்தார்களே என்ற சந்தோஷம்.

"உங்க டேப்பு தப்பான வேகத்துல பதிவாயிருந்துச்சும்மா. நானும் எத்தனையோ வருஷமா இந்த வேல பாக்குறேன், மனுஷன் அவ்வளவு வேகமா டிரம்ஸ் அடிக்க முடியாது. பாடுற பையன் வேற பொம்பளப் புள்ள மாதிரி கீச்சுன்னு கத்திக்கிட்டிருந்தான். மெஷினக் கொஞ்சம் மெதுவாக்கி, அவன ஆம்பளையாக்கிக் குடுத்தேன்."

"அந்தப் பையன் நாந்தான்," என்றாள் செலோ.

லண்ட்கிரென் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிக்கோ பக்கம் திரும்பினார். "அப்படியா தம்பி?"

நிக்கோ தலையாட்டியபிறகுதான் அவர் நம்பினார். செலோ அங்கே எதையும் உடைக்கவில்லை. உடைத்திருக்கலாம் என்று பல வருஷம் நினைத்தாள். தான் சொன்னது ஒரு ஆம்பளையின் தலையாட்டல் இல்லாமல் செல்லுபடியாகவில்லை என்பது, தட்டை மெதுவாக்கியதைவிட மோசமாகச் சுட்டது.

வேனில் திரும்பும்போது, மறுபடி வெட்டி அச்சடிக்கக் கையில் எதுவும் மிச்சமில்லை என்றான் நிக்கோ. அவளுக்கும் அது தெரியும். குப்பையில் போடு, ரெண்டு வருஷம் கழித்துச் செய்வோம் என்றாள். அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. கேக்க நல்லாத்தான் இருக்கு, செலோ. லாரி வந்து நெஞ்சுல ஏறி நிக்குற மாதிரி இருக்கு."

"லாரியா இருந்தா லாரியப் பாடச் சொல்லு."

கோஷ்டியில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். தட்டை இப்படியே விற்கலாம் என்று கராஜில் நிக்கோ கை தூக்கினான். டினோ கொஞ்சநேரம் டிரம்ஸ் கட்டையைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, அவளைப் பார்க்காமல், அவனும் தூக்கினான். மெதுவாக்கியதில் அவன் அடி ராட்சசன் அடி மாதிரி கேட்டது. அது அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

தட்டு பிய்த்துக்கொண்டு போனது. கல்லூரி ரேடியோக்காரர்கள் ஓயாமல் போட்டார்கள். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து விற்கும் பத்திரிகைகளில் "அந்த முரட்டுப் பையனின் குரல்" என்று எழுதினார்கள். ஒருத்தன் அவன் சிறையிலிருந்து வந்தவன் என்றுகூட எழுதியிருந்தான். இன்றைக்கும் இந்த இசையைப் பற்றி விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால், மந்தமாக, கனமாக, தரையை உரசிக்கொண்டு வாசிக்கிற ஒரு வம்சமே "நோ ஐஸ்" தட்டிலிருந்துதான் முளைத்தது என்பார்கள். வெள்ளைக் கோட்டுக் கிழவர் மெஷினைத் திருகியதில் முளைத்த வம்சம் அது. அந்தப் பாடகனைப் பெற்றெடுத்தவர் அவர்தான், நன்றாக இருக்கட்டும்.

தட்டு வந்தபிறகு ஊருக்குள் முதல் கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீனவர் சங்கத்து ஹாலில். முன்பெல்லாம் அவர்கள் வாசித்தால் தெரிந்த முகங்கள்தான் வரும், அதில் பாதி பெண்கள். அன்று வெளியூரிலிருந்து தலையை மழித்த பையன்கள் கார் காராக வந்து இறங்கியிருந்தார்கள். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தோளால் இடித்துச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். செலோவுடன் மீன் வெட்டும் பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். செலோ மைக்கைக் கையில் எடுத்ததும் முன்வரிசையில் ஒருத்தன், பொறுமையாக, அவளுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னான்.

"தள்ளும்மா. பாடுறவன் வரட்டும்."

செலோ திரும்பி டினோவுக்குக் கண்ணைக் காட்டினாள். முதல் பாட்டை அவர்களுடைய உண்மையான வேகத்தில் எடுத்தார்கள். ஹாலுக்குள் யாருக்கும் அது என்ன பாட்டென்றே பிடிபடவில்லை. பையன்கள் இடிப்பதை நிறுத்திவிட்டு முழித்தார்கள். இரண்டாவது பாட்டுக்குள் முனகல் கிளம்பியது. மெதுவா, மெதுவா என்று கை தட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். யாரோ எறிந்த பீர் டப்பா அவள் முழங்காலில் பட்டுத் தெறித்தது.

மூன்றாவது, ஹாரிகன் பாட்டு. அவள் பாய்ந்தாள். இரண்டு வரி போனதும் காலுக்குக் கீழே தரை இழுபட்டது மாதிரி இருந்தது. டினோ வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான். நிக்கோவும் தலையைக் குனிந்துகொண்டு கூடவே குறைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக, தட்டில் இருந்த அந்த நடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஹால் அதிர்ந்தது. பையன்களுக்கு இப்போது பாட்டு தெரிந்துவிட்டது. ஒருவன் தோளில் ஒருவன் ஏறி, அவள் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, கனத்த தொண்டையில் பாடினார்கள். "சிரிச்சுக்கிட்டே வெட்டு." ஒரு ஹாரிகனைச் சகிக்க முடியாமல் எழுதிய வரி அது. இப்போது ஹால் முழுக்க ஹாரிகன்கள் நின்று அவளைப் பார்த்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே போவதை செலோ பார்த்தாள்.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. தன் பாட்டைத் தன் வேகத்திலேயே பாடி, அவர்கள் பாதியில் இருக்கும்போதே முடித்துவிட்டாள். மிச்சப் பாட்டு அவள் இல்லாமலேயே உருண்டு போய் முடிந்தது. யாருக்கும் குறை தெரியவில்லை. விசில் பறந்தது. நிக்கோ கிடாரைத் தூக்கிக் காட்டினான்.

செலோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். டிரம்ஸுக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நின்றுகொண்டாள். டினோவின் முகத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கை தூக்கிய நாளிலிருந்து அவன் அவளை நேராகப் பார்த்திருக்கவில்லை. இப்போது வேறு எங்கும் பார்க்க இடமில்லை.

"அதே பாட்டு," என்றாள் மைக்கில். "மறுபடியும்."

பின்னால் ஊளையிட்டார்கள். அவள் பூட்ஸ் காலால் மேடைப் பலகையில் வேகத்தை உதைத்துக் காட்டினாள். பலகை தடதடத்து, டினோவின் தாளத்தட்டு தானாகவே சலசலத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடித்தாள். டினோ இரண்டு கட்டைகளையும் தலைக்கு மேலே தூக்கினான்.