சுண்ணாம்பு காயாத சந்து

எங்கள் ஊர் கட்டங்களில் நடக்கிறது. படக்கதைப் புத்தகத்தில் இருக்குமே, கறுப்பு மையில் கோடு போட்ட ஒரு சதுரம், பக்கத்தில் இன்னொரு சதுரம், அதே மாதிரி. இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக. ஆனால் அது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் என் அம்மாவைக் கைது செய்ய வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விரற்கடை அகலத்தில் வெள்ளையாக ஓர் இடைவெளி ஓடும். அதைச் சந்து என்போம். சந்தில் நடப்பது நடந்ததாகாது. இது சட்டம். சந்து முழுவதும் ஆனைவிளாகம் ஜமீன் பேரில் பட்டா. ஜமீன்தாரின் பூட்டனார் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கவர்னருக்கு யானைக்குட்டி ஒன்றைக் கொடுத்து எழுதி வாங்கியது. யானை செத்துப்போனது, கவர்னர் செத்துப்போனார், பட்டா மட்டும் சாகவில்லை.

ஆகவே ஜமீன் ஆட்கள் மட்டும் சந்துக்குள் இறங்கலாம். நாங்கள் கட்டத்துக்குக் கட்டம் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு கட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திறங்கிய கருங்கல் குவிந்து கிடக்கும். அடுத்த கட்டத்தில் அரண்மனைத் தோட்டத்தில் எட்டுத் தூண் மண்டபம் நிற்கும், ஜமீன்தார் உள்ளே உட்கார்ந்து காற்று வாங்குவார். ஒரு கட்டத்தில் குளம். அடுத்த கட்டத்தில் அதே இடத்தில் வாழைத்தோப்பு, சுற்றி வேலி, வேலிக்குள் நாய். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், "நடுவுல ஒண்ணும் நடக்கலியே" என்பார்கள். நாய்கூட அதைத்தான் குரைக்கும். கணக்கு வாத்தியார் பொன்னையா, குளத்தைப் பற்றி நேரில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று குடையை விரித்துக்கொண்டு அரண்மனைக்குள் போனார். அது ஒரு கட்டம். அடுத்த கட்டத்தில் வாசல் மட்டும் இருந்தது.

இன்னொரு அநியாயமும் உண்டு. ஜமீன் வருகிற கட்டங்களில் எங்கள் தெரு ஆட்களுக்கு முகம் போடுவதில்லை. தலை இருக்கும், உடுப்பு இருக்கும். கண், மூக்கு, வாய் இருக்க வேண்டிய இடம் உரித்த முட்டை மாதிரி இருக்கும். மைக்குத் தட்டுப்பாடாம். ஜமீன்தாரின் மீசை ஒன்றுக்கே ஒரு குப்பி மை ஊற்றுகிறார்கள், அதற்குத் தட்டுப்பாடு இல்லை.

பேச்சுக்குத் தனிச் சட்டம். யார் பேசினாலும் மேலே ஒரு பலூன் முளைத்து, பேசியது அதில் எழுதியிருக்கும். பலூனின் வால், அந்தக் குரல் யாருடையதோ அவர் வாயில் போய் நிற்கும். எந்த வாயில் வால் நிற்கிறதோ அந்த வாய் சொன்னதுதான். மேல்முறையீடு கிடையாது.

இங்கேதான் நான் வருகிறேன். என் பெயர் உலகம்மாள், வயது பதினாறு. எனக்கு எல்லார் குரலும் வரும்.

போன ஆடியில் ஒரு நாள், ஆறாவது பீரியடில், பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டு, பெரிய டீச்சர் பிலோமினா குரலில், "பிள்ளைகளா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மூணு நாளைக்கு இந்தப் பக்கமே வரப்பிடாது" என்றேன். வால் வகுப்பைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, ஆபீஸ் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சர் வாயில் போய் நின்றது. டீச்சர் பலூனைப் படித்தார். டப்பாவை மூடினார். பூட்டை எடுத்துக்கொண்டு அவரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. இது சும்மா.

என் அம்மா வடிவு, அரண்மனையில் தரை துடைக்கிறவள். ஜமீன்தார் பூபால மார்த்தாண்டருக்கு ஓர் அக்கா, பெரிய நாச்சியார் என்போம். பட்டா மூத்தவர் பேரில்தான் இறங்கும் என்பதால் சந்து அப்போது அவர் பேரில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நடந்ததைக் கட்டப்படி சொல்கிறேன்.

முதல் கட்டம். மாடிப்படியின் உச்சியில் நாச்சியார், கையில் பேனாவும் தாளும். பக்கத்தில் தம்பி. கீழே ஈரத்துணியோடு அம்மா, முகமில்லாமல். நாச்சியாரின் பலூன் சொல்கிறது: "வடிவு, இன்னையோட சந்து ஊருக்குப் பொது. எழுதப்போறேன்."

இரண்டாவது கட்டம். நாச்சியார் கீழே கிடக்கிறார், உயிர் இல்லை. பேனா இல்லை, தாள் இல்லை. ஜமீன்தார் உச்சியில் அதே இடத்தில் நின்று மீசையை நீவிக்கொண்டிருக்கிறார். அம்மா கீழே அதே இடத்தில். விழுந்த சத்தம் பெரிய பெரிய எழுத்தில் தரையெங்கும் சிதறிக் கிடக்கிறது: தடதடதடதொம்.

தரையில் எது கிடந்தாலும் துடைத்துவிடுவது அம்மாவின் பழக்கம். துடைத்துவிட்டாள். துப்பறிவாளர் வந்து சேர்ந்தபோது கடைசிப் படிக்கு அடியில் ஒரே ஒரு 'ம்' மிச்சமிருந்தது.

மாவட்டத்துக்கு ஒரு துப்பறிவாளர் உண்டு. எங்கள் மாவட்டத்துக்கு ஞானதுரை. பூதக்கண்ணாடி, இரண்டடி ஸ்கேல், சித்திரை வெயிலிலும் கழற்றாத நீளக் கோட்டு. நேர்மையான மனிதர். கட்டத்துக்கு வெளியே ஒரு நூல்கூடப் பார்க்கமாட்டார். இரண்டு கட்டங்களையும் நீளமும் அகலமும் அளந்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. மேல நின்னவர் ரெண்டு கட்டத்திலயும் மேலதான் நிக்கிறார், ஒரு இஞ்சுகூட நகரலை. மேல இருந்த அம்மா கீழ வந்திருக்காங்க. அப்ப கீழ இருந்த யாரோதான இழுத்திருக்கணும்?"

"எங்கம்மா கை என்ன பதினெட்டு அடியா சார்?"

"கை நீளம் கட்டத்துல தெரியலை. துணிக்குள்ள மறைஞ்சிருக்கு. சத்தத்தை வேற துடைச்சிருக்காங்க."

"சந்துல எட்டிப் பாருங்க சார். எல்லாம் அங்கதான் கிடக்கு."

"சந்து பட்டா நிலம். சொந்தக்காரர் அனுமதி இல்லாம எட்டிப் பார்த்தா அத்துமீறல்."

அனுமதி கேட்கத்தான் செய்தார். அக்கா போன நிமிஷமே பட்டா தம்பி பேருக்கு வந்திருந்தது. ஜமீன்தார் தன்னை நாம் என்றுதான் சொல்லுவார். ஒவ்வொரு நாமுக்கும் முன்னால் பாக்கை இடக் கன்னத்துக்குத் தள்ளுவார்.

"நாம் தடை சொல்லவில்லை. ஆனால் சந்துக்கு இன்றுதான் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். இன்னும் காயவில்லை. உங்கள் கோட்டில் ஒட்டிக்கொள்ளுமே என்றுதான் நமக்குக் கவலை."

துப்பறிவாளர் குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார். நன்றி சொன்னார்.

கைது செய்ய முகம் வேண்டும். அம்மாவுக்கு அன்றுதான் அரண்மனைக் கட்டத்தில் முகம் போட்டார்கள். பதினெட்டு வருஷம் அவள் துடைத்த தரைக்கு ஒரு சொட்டு மை தராதவர்கள், விலங்கு மாட்ட வேண்டும் என்றதும் புருவம், இமை, கன்னத்து மச்சம் வரைக்கும் ஒன்று விடாமல் போட்டார்கள். அம்மா அழகாக இருந்தாள். அதுதான் எனக்கு ரொம்பப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தீர்ப்புக் கூட்டம். எல்லாரையும் ஒரே ஹாலில் கூட்டி வைத்து, துப்பறிவாளர் நடுவில் நின்று குற்றவாளியை நோக்கி விரல் நீட்டுவார். விரல் நீட்டியதும் பக்கம் புரளும். புரண்ட பக்கத்தை எங்கள் ஊரில் யாரும் திருப்பியதில்லை. அம்மா அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடுவாள். நான் அடுத்த பக்கத்தில் இருப்பேன்.

புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். கம்பிக்குப் பின்னால் அம்மா புது முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எவன் குரலையாவது எடுத்துக்கிட்டு வந்து நின்ன, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன். உன் சொந்தக் குரல்ல ஒரு தடவ அழுதுட்டு வீட்டப் பாக்கப் போ."

அழத்தான் நினைத்தேன். என் குரலை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் வரவில்லை. அவசரத்துக்குப் பெரிய நாச்சியார் குரலில் அழுதேன். வால் பிணவறை வரைக்கும் போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தது.

வெளியே மரத்தடியில் துப்பறிவாளர் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஜமீன்தாரே தன் வாயால 'நாம்தான் தள்ளினோம்'னு சொல்லிட்டா?"

"யாரைம்மா தள்ளினார்? நடந்திருந்தாத்தான ஒத்துக்க முடியும். நடக்காததை ஒத்துக்கிட்டா, பெரிய மனுஷர் துக்கத்துல உளறுறார்னு எழுதிக்குவேன்."

சரிதான் என்று எனக்கும் பட்டது. ஆக, குரலில் ஒப்புதல் வாக்குமூலம் எடுத்துப் பிரயோஜனமில்லை. சிரிப்பு இன்னும் வரவில்லை, தெரியும். வெள்ளிக்கிழமைக்கு வந்துவிட்டோம்.

அரண்மனை வாசல் வளைவில் 'சொன்ன சொல் மாறாது' என்று கல்லில் வெட்டியிருக்கும். அது வெறும் அலங்காரம் இல்லை. ஜமீன்தாரின் தாத்தா ஒரு காய்ச்சலில் "நாம் மாமரம்" என்று பலூனில் சொல்லிவிட்டார். காய்ச்சல் விட்டது, சொல் விடவில்லை. நாலு வருஷம் தோட்டத்தில் நின்றார். தண்ணீர் ஊற்றினார்கள். நான் இதைச் சொல்லவில்லை என்று ஓர் ஆனைவிளாகத்தார் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

ஹாலில் வந்தவர்களுக்குக் கொடுக்க எலுமிச்சைச் சாறு தட்டோடு எங்கள் தெருப் பெண்கள் பதினொரு பேர் வரிசையாக நின்றோம், பதினொரு உரித்த முட்டைகள். நடுவில் அம்மா, விலங்கோடும் முகத்தோடும். உயரமான நாற்காலியில் ஜமீன்தார். துப்பறிவாளர் தொண்டையைச் செருமினார். விரலை மடக்கிவைத்து, நீட்டுவதற்குத் தயாரானார்.

இல்லாத பாக்கை இடக் கன்னத்துக்குத் தள்ளினேன்.

"நில்லும். சந்தை எட்டிப் பார்க்க நாம் அனுமதி அளிக்கிறோம்."

வால் பாய்ந்து போய் ஜமீன்தார் வாயில் நின்றது. வாய் மூடித்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து பலூனைப் படித்தார். வெளியே வாசல் வளைவைப் பார்த்தார். தாத்தா நின்ற இடத்தைப் பார்த்தார்.

"ஆம்," என்றார். "அளித்திருக்கிறோம்."

"சுண்ணாம்பு, ராஜா?" என்றார் துப்பறிவாளர்.

"காய்ந்துவிட்டது" என்றேன். ஜமீன்தார் தன் பலூனுக்குத் தானே தலையாட்டினார்.

துப்பறிவாளர் கோட்டை ஒதுக்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைச் சந்துக்குள் பூதக்கண்ணாடியோடு தலையை விட்டார். உள்ளே எல்லாம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. நடந்ததாகாதது எப்படி முடியும்? நாச்சியார் முன்பக்கம் சாய்ந்தபடி, கையில் பேனாவும் தாளுமாக, விழுந்துகொண்டே இருந்தார். முதுகில் ஜமீன்தாரின் வலது கை, மோதிரத்தோடு. அதற்குப் பின்னால் எங்கள் குளம், மீன் துள்ள. கரையில் பொன்னையா வாத்தியார், விரித்த குடையோடு.

துப்பறிவாளர் தலையை வெளியே எடுத்தார். முகம் வாடியிருந்தது.

"ராஜா கை இருக்கு. முதுகுலதான் இருக்கு. ஆனா நடக்கலையே."

விரல் மறுபடியும் அம்மா பக்கம் திரும்பியது. அம்மா என்னைத் தேடினாள். பதினொரு முட்டையில் நான் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னொன்றும் சொல்கிறோம்," என்றேன் கன்னத்தை உப்பவைத்து. "எம் தமக்கையார் ஆசைப்படி, சந்து முழுவதையும் ஊருக்கு எழுதிக்கொடுக்கிறோம். இப்போதே."

இந்தப் பலூனை ஜமீன்தார் இரண்டு தடவை படித்தார். மெல்ல அவர் கண் கலங்கியது. பட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

"எம் மனசு இவ்வளவு பெரிசு என்று எமக்கே தெரியாமல் போயிற்றே."

துப்பறிவாளர் சந்துக்குள் கையை விட்டு, நாச்சியார் விரல்களிலிருந்து பேனாவையும் தாளையும் மெதுவாக வாங்கிவந்தார். ஜமீன்தார், சுழி சுழியாக, கையெழுத்தில்கூட மீசை வைத்துப் போட்டுக்கொடுத்தார்.

அந்தக் கணமே சந்து பொதுவானது. பொது இடத்தில் நடப்பது நடந்ததாகும். நாச்சியார் விழுந்து முடித்தார். தடதடதடதொம் என்று எழுத்துகள் மறுபடி தரையில் உருண்டு வந்தன. அம்மா பழக்கத்தில் குனிந்தாள், விலங்கு இழுத்ததும் நிமிர்ந்துகொண்டாள். பொன்னையா வாத்தியார் வெளியே வந்து குடையை மடக்கி, "இப்ப எத்தனாவது பீரியடு?" என்று கேட்டார். துப்பறிவாளரின் விரல் அம்மாவைக் கடந்து, தட்டுகளைக் கடந்து, உயரமான நாற்காலியில் போய் நின்றது.

ஜமீன்தார் கலங்கவில்லை. மாலைக்குக் கழுத்து நீட்டுகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டினார்.

"சொன்ன சொல் மாறாத வம்சம்," என்றார். "ஊரார் பார்த்துக்கொள்ளட்டும்."

அம்மா கையிலிருந்து கழன்ற விலங்கு அவர் கைக்குப் போயிற்று. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. என் குரல்தான் கைவசம் இல்லையே, கன்னத்தில் பாக்கு நின்ற குரலிலேயே வந்துவிட்டது. ஹஹ்ஹஹ்ஹஹ்ஹா என்று ஹாலின் கூரை வரைக்கும் ஊதிய பலூன். வால் வந்து ஜமீன்தாரின் வாயில் நின்றது.

ஜமீன்தார் விலங்கு மாட்டிய கைகளை உயர்த்தித் தன் உதட்டைத் தொட்டார். மூடியிருந்தது. மீசை அசையவில்லை. இன்னொரு தடவை தொட்டார். மேலே தொங்கிக்கொண்டிருந்த பழைய பலூன்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, தட்டு வரிசையின் பக்கம் திரும்பினார்.

"எவள் அவள்?"

"ஏட்டி உலகு, போதும்டி!" என்றாள் அம்மா. அவள் தன் சொந்தக் குரலில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தட்டோடு ஓரடி முன்னால் வந்தேன். அவர் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு முகம் வேண்டும். குப்பியில் மை இல்லை. துப்பறிவாளர் ஸ்கேலின் நுனியால் ஜமீன்தாரின் வலப்பக்க மீசையைத் தொட்டெடுத்து, எனக்குக் கண் இரண்டும், மூக்கும், வாயும் போட்டார். என் எள்ளு மூக்குத்திக்கு மட்டும் மை கொஞ்சம் குறைந்தது. ஜமீன்தார் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், இடப்பக்க மீசையையும் காட்டினார்.