கதிரையில் என் பெயர்

கொழும்பு மாநகர சபைத் தேர்தலுக்குக் கட்சி தன் வேட்பாளர்களை அறிமுகப்படுத்தும் கூட்டம். கொட்டாஞ்சேனை மண்டபத்து மேடையில் வெள்ளவத்தை வேட்பாளருக்கென்று போட்டிருந்த கதிரையில் மிதுஷன் இருந்தான். கதிரையின் முதுகில் ஒட்டியிருந்த கடதாசியிலும் அவன் பெயர்தான். கட்சித் தலைவர் ராகுலனின் மருமகன். வெள்ளவத்தையில் பாமன்கடை எந்தப் பக்கம் என்று கேட்டால் ஃபோனில் தேடுவான்.

எனக்கு? கீழே முதல் வரிசையில் விருந்தினர் ஆசனம், அதோடு ஒரு பூமாலை. மாலை போட்டால் வாயை மூடிவிடுவேன் என்று நினைத்தார்கள் போலும். நல்ல கதை! "மாநகர சபைக்கு வெள்ளவத்தையில நீங்கள்தான் அக்கா" என்று போன கிழமைதான் இதே ராகுலன் என் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மாலையை ஆசனத்திலேயே வைத்துவிட்டு மேடைக்கு ஏறினேன். நட்டநடுவில் நின்றேன்.

நிற்பது எனக்குப் புதிதில்லை. முப்பது வருடம் வெளிநாட்டுச் சேவை, கடைசியில் தூதுவர். ஜெனீவாவில் ஒரு மாநாட்டில் எங்கள் நாட்டின் பெயர்ப்பலகையை வைக்க மறந்துவிட்டார்கள். நான் சத்தம் போடவில்லை, நின்றேன். ஒரு தூதுவர் நின்றுகொண்டிருக்கக் கூட்டத்தைத் தொடங்க எவருக்கும் துணிவு வராது. பலகை வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்து நான் வாசித்ததெல்லாம் கொழும்பிலிருந்து யாரோ எழுதி அனுப்பியது. இனிமேலாவது என் வாயால் என் பேச்சைப் பேச வேண்டும் என்றுதான் ஓய்வுக்குப் பிறகு அரசியலுக்கு வந்தேன். இதை விட்டுக்கொடுக்கவா?

கட்சிச் செயலாளர் ஒஸ்வால்ட் ஓடிவந்தார். "மேடம், கீழ வந்து இருங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். அதுக்குத்தானே கூட்டம்."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். கோபத்தில்தான். சரி, கொஞ்சம் பயமும்தான்.

ராகுலன் மைக்கில் சிரித்தார். "கௌரி அக்கா, இது ஜெனீவா இல்ல, கொட்டாஞ்சேனை."

"தெரியும் தம்பி. ஜெனீவாவில எனக்குக் கதிரை தந்தவை."

பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. ராகுலனின் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிட்ட வந்தார்.

"அக்கா, கட்சியின்ர வெளிநாட்டுப் பிரிவுக்கு உங்களைத் தலைவியாப் போடுறன். இப்ப விடுங்கோ."

"கையை எடுத்துட்டு அதையே சொல்லுங்கோ."

எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்?

அப்போதுதான் கூட்டத்திலிருந்து வெள்ளவத்தை நளீபா எழுந்தாள். மழை பெய்தால் தெருவோரக் கான் நிரம்பி அந்தத் தண்ணீர் அவள் வீட்டுக்குள்தான் வரும். அதற்காக என்னோடு மாநகர சபைப் படிகளில் ஏறி இறங்கியே செருப்புத் தேய்ந்தவள்.

"மேடம் இல்லாட்டி எங்கட பக்கம் வோட் கேட்டு வராதீங்க!"

அவளுக்குப் பின்னால் வெள்ளவத்தைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். படம் எடுக்க ஃபோன்கள் உயர்ந்தன. ராகுலன் அந்த ஃபோன்களைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்துத் தலையசைத்தார்.

மிதுஷன் எழும்பினான். பாவம், அவனுக்கும் நிம்மதி போல. ஒஸ்வால்ட் பழைய கடதாசியைக் கிழித்துவிட்டுப் புதியதொன்றை எழுதி ஒட்டினார்: திருமதி தில்லைநாதன்.

"அது என்ர மனுசன்ர பேர். அவர் வீட்டில கிரிக்கெட் பாத்துக்கொண்டிருக்கிறார். கௌரி எண்டு எழுதுங்கோ."

எழுதினார். நான் இன்னும் நின்றேன்.

"இன்னும் என்ன அக்கா?" என்றார் ராகுலன்.

"மைக்கில சொல்லுங்கோ."

"வெள்ளவத்தை வேட்பாளர்..." தொண்டையைச் செருமினார். "கௌரி."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். கதிரையின் ஒரு கால் ஆடியது. ஆடட்டும்.