பால் பொங்கிய பிறகு

சமைக்க ஒரு குசினியும் தூங்க ஒரு படுக்கையும் இருந்தால் அது வீடுதான் என்பது கஜந்தினியின் நியாயம். ஓடுகிற வீடாக இருந்தால் என்ன? கணவன் ஸ்ரீதரன் அந்தப் பழைய பயண வாகனத்தை வாங்கிவந்து, பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த தங்கள் வீட்டுக்குப் பின்னால் சந்தில் நிறுத்தியதுமே, பால் காய்ச்சாமல் ஒருவரும் அதில் பயணம் போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சனிக்கிழமை காலை உள்ளே சாம்பிராணி போட்டாள். சுவரிலிருந்த காஸ் அலாரம் வீரிட்டது. நல்ல காரியத்தில் இது என்ன ஒப்பாரி என்று அதன் பற்றரிகளைக் கழற்றிவிட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டாள். மனம் நிறைந்துவிட்டது. மூன்று வயது மகள் ஆரபி கற்கண்டைச் சப்பியபடியே பின்பக்கத் தாழ்ந்த படுக்கையில் தூங்கிப்போனாள்.

ஸ்ரீதரனுக்குத் தலையிடி வேறு. தண்ணீர் சூடாக்கும் காஸ் ஹீற்றர் பற்றவே மாட்டேன் என்றது. வாகனத்தின் வெளிச்சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, அதன் முன்னே குந்தியிருந்தான். உள்ளே சுவிட்சைப் போட்டால் அங்கே டக் டக் என்று பொறி பறக்கும். நெருப்பு மட்டும் வராது. மூன்று தரம் போட்டுப் பார்த்தாயிற்று.

"கஜந்தி, குழாய்க்குள்ளை சிலந்தி கூடு கட்டியிருக்கு. எடுத்திட்டன். நான் சொல்லேக்கை சுவிட்சைப் போடும்."

"ஓம், போடுறன்."

சுவிட்சடிக்குப் போவதற்குமுன், ஆரபியின் மேலிருந்து நழுவிக் கிடந்த போர்வையை எடுக்கக் குனிந்தாள். கூழ்முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. பிள்ளையின் வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். நிமிர்ந்தால் சாம்பிராணி வாசம். குனிந்தால் நாற்றம்.

அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். நெருப்பு இல்லை. வழிந்த பால் அதை அணைத்திருந்தது. திருகி மட்டும் திறந்தபடியே இருந்தது.

தரையெல்லாம் காஸ், அதற்குள் பிள்ளை.

"போடும்!" என்றான் வெளியே அவன்.

அவள் அடுப்பை நோக்கிப் பாய்ந்தாள். திருகியை மூடினாள். ஆரபியை வாரித் தூக்கினாள்.

"கேக்கேல்லையே? சரி, நான் லைட்டராலை பத்தவைச்சுப் பாக்கிறன்."

"வேண்டாம்! தட்டாதையுங்கோ! காஸ்!"

படியில் இறங்கவில்லை, விழுந்தாள். முழங்கால் உரிந்தது. பிள்ளையை விடவில்லை. அவனுடைய பெருவிரல் லைட்டரின் மேல் அப்படியே நின்றது.

வெளியே இருந்த காஸ் சிலிண்டரை மூடிவிட்டு, சந்தின் முனைவரை ஓடி நின்றுதான் அவன் தீயணைப்புக்காரருக்கு அழைத்தான். ஆரபி பயத்தில் வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்கக் கேட்க கஜந்தினிக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஏன் அலாரம் அடிக்கேல்லை?" என்றான் அவன் மூச்சு வாங்கியபடி. "நேற்றுத்தானே புதுப் பற்றரி போட்டனான்."

அவள் மேலே போட்டிருந்த ஜாக்கெற் பைக்குள் கையை விட்டாள். இரண்டு பற்றரிகளையும் எடுத்து நீட்டினாள். அவன் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.